முதல் தடவை ‘நோ’

சோளக்காடு என்ற மலையூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே உள்ள மெஸ்ஸில் நானும் மிளகு விவசாயியான என் நண்பரும் ஒரு வாரமாக இங்கிலீஷில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒரு நாள் நான் சர்வர், அவர் சாப்பிட வந்தவர். மறுநாள் மாறிக்கொள்வோம். “மே ஐ ஹேவ் த மெனு, ப்ளீஸ்?” என்று அவர் கேட்பார். அந்த மெஸ்ஸில் மெனு என்பது நடத்துகிற அக்கா வாயால் சொல்வதுதான்.

“ஏனுங்க, சோறு வேணும்னா சோறுன்னு கேளுங்க. எதுக்கு ரெண்டு பேரும் கோர்ட்டுல நிக்கறாப்பல பேசிக்கறீங்க?” என்றார் அக்கா.

காரணம் இருந்தது. மலையில் குண்டனி நாடு என்கிற பகுதியில் நண்பரின் தோட்டத்து மிளகு முழுவதும், அடிவாரத்துப் பேளுக்குறிச்சியில் இருக்கும் வியாபாரி சொன்ன விலைக்குத்தான் வருடாவருடம் போய்க்கொண்டிருந்தது. இந்த முறை, வெளிநாட்டில் மசாலாக் கடைகள் வைத்திருக்கும் ஓர் அம்மையார் நேராக வாங்க மலைக்கு வருவதாகத் தகவல் வந்தது. இடையில் ஆள் வைத்துப் பேசி அவருக்கு அலுத்துவிட்டதாம். விளைவிக்கிறவரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவரே வாய்திறந்து பேச வேண்டும், அப்புறம்தான் முடிவு. வேண்டுமானால் நண்பர் ஒருவரை அழைத்து வரலாம்.

அந்த நண்பர் நான். சமவெளியிலிருந்து மாற்றலாகி மலைக்கு வந்த அரசு ஊழியன். இங்கிலீஷில் அலமாரி கொள்ளாமல் படித்தவன். பேசியது என்னவோ மேலதிகாரிகளிடம் “யெஸ் சார்” மட்டும். வாத்தியாராக எனக்கு வேறு தகுதி தேவைப்படவில்லை.

“சார், நீங்க கூட இருந்தாப் போதுமுங்க. வாய மட்டும் தொறந்துராதீங்க. நீங்க பேசுனா எனக்குப் பேசத் தெரியாதுன்னு அந்தம்மா நெனச்சுருமுங்க” என்று நண்பர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

அம்மையார் தங்கியிருந்த விடுதியின் உணவகத்தில் வெள்ளை விரிப்பு போட்ட மேசை. மலைக்குளிரிலும் நண்பரின் இஸ்திரி போட்ட சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. பேச்சைத் தொடங்க மழையைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன், கேட்டார். பெருமழைக்கு மிளகுச் சரம் எப்படிக் கொட்டிப்போகும் என்று கையால் உதிர்த்துக் காட்டியது என் பாடத்தில் இல்லை. அம்மையார் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். நான் கொஞ்சம் மூச்சு விட்டேன்.

தட்டில் கடைசியாக ஒரு துண்டு கோழி வறுவல் மிச்சமிருந்தது. அம்மையார் அதை நண்பர் பக்கம் நகர்த்தி, “வுட் யூ லைக் சம் மோர்?” என்றார்.

“நோ, தேங்க் யூ, மேடம்.”

அம்மையார் உடனே அதை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டார். தன் தோட்டத்தில் வேறொருவர் மிளகு பறிப்பதைப் பார்ப்பவர்போல நண்பர் பார்த்தார்.

எங்கள் பக்கத்தில் முதல் ‘வேண்டாங்க’ வெறும் மரியாதை. பரிமாறுகிறவர் “அட, வெச்சுக்கங்க சாமி” என்று வற்புறுத்த வேண்டும். இரண்டாவது ‘வேண்டாங்க’வில் சத்தம் குறையும். மூன்றாம் முறை, இலையை மறைத்த கை தானாக விலகும். முதல் மறுப்பிலேயே ஒருவர் கரண்டியை எடுத்துக்கொண்டு போனால் அவருக்கு நம்மேல் கோபம் என்று அர்த்தம். ‘நோ, தேங்க் யூ’வைச் சொல்லிக்கொடுத்த நான், அது ஒரே தடவையில் முடிந்துவிடும் என்பதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதற்குள் அம்மையார் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். உங்கள் மிளகு பிடித்திருக்கிறது, இனி மூன்று வருட விளைச்சலையும் நானே எடுத்துக்கொள்கிறேன், உங்களுக்குச் சம்மதமா என்று நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையும் புரியும்படி கேட்டார்.

“நோ, நோ, மேடம்” என்றார் நண்பர், முகமெல்லாம் சிரிப்பாக.

அம்மையாரின் முகம் மூடிக்கொண்டது. புரிகிறது என்று சொல்லிவிட்டு, பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்தார்.

மேசைக்கு அடியில் நண்பரின் காலை மிதித்தேன். என் காலுக்கு இடம் போதவில்லை என்று நினைத்து அவர் தன் காலைப் பணிவாக நகர்த்திக்கொண்டார். நான் வாயைத் திறந்தால் அவருக்குப் பேசத் தெரியாது என்றாகிவிடும். திறக்காவிட்டால் மிளகு பேளுக்குறிச்சிக்கு. தண்ணீர் குடித்தேன். காலி டம்ளரையும் ஒருமுறை குடித்தேன். அம்மையார் சர்வரைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

நண்பர் என் பக்கம் குனிந்தார். “என்னுங்க சார், அந்தம்மா இன்னொருக்கா கேக்கவே மாட்டீங்குது?”

“கேக்கமாட்டாங்க. அவங்க ஊர்ல ஒரு தடவைதான்” என்றேன் பல்லிடுக்கில்.

அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மேடம். ப்ளீஸ். ஆஸ்க் அகெய்ன்.”

“ஆஸ்க் வாட்?”

“பெப்பர் கொஸ்டின். ஃபர்ஸ்ட் டைம் வீ சே நோ. ரெஸ்பெக்ட், மேடம். மை வில்லேஜ், ஆல் பீப்பிள் சேம்.”

அம்மையார் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன், தலையாட்டுவது பேச்சில் சேராது. அவர் தன் தட்டில் கிடந்த எலும்பைப் பார்த்தார்.

“தென், த சிக்கன்…?”

“யெஸ், மேடம். ஐ வான்டட்.”

அவர் சிரித்தார். ஆனால் அவரும் வியாபாரம் செய்கிறவர் அல்லவா, சிரித்துக்கொண்டே யோசித்தார். மறுபடி கேட்டபோது கேள்வி சிறுத்திருந்தது: முதலில் இந்த வருட விளைச்சலை மட்டும் எடுத்துப் பார்க்கட்டுமா? நண்பரின் தலை பழக்கதோஷத்தில் இடவலமாக அசையப் போனது. மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “யெஸ்” என்றார்.

திரும்பும்போது அவர் பைக்கை மெதுவாக ஓட்டினார்.

“மொதல்ல மூணு வருசம்னுதானுங்களே சொன்னாங்க?”

“ஆமா.”

ஒரு வளைவில் ஹாரன் அடித்துத் திரும்பினார்.

“அப்ப அடுத்த வருசம் கேட்டா, கேட்ட ஒடனே சரின்னு சொல்லோணுங்களா? பறக்காவெட்டின்னு நெனச்சுக்கமாட்டாங்களா சார்?”

“நினைச்சா நினைச்சுக்கட்டும். சொல்லுங்க.”

“உங்களுக்கென்னுங்க, ஈஸியாச் சொல்லிப்போட்டீங்க” என்றார்.