கழுவக் கூடாத தரை

இந்த ஊரில் என் அறைத் தரை காலைப் பிடிக்கிறது. கட்டிலிலிருந்து வெறுங்காலோடு இறங்கினால் முதல் அடியிலேயே பிடிக்கும். விடும்போது 'ப்ச்' என்று ஒரு சத்தம். யாரோ பின்னால் நின்று அலுத்துக்கொள்வது போல இருக்கும். இங்கே எல்லோரும் வீட்டுக்குள்ளும் செருப்புப் போடுகிறார்கள். எனக்கு அது வரவில்லை. நன்னிலம் பக்கத்துக் கால்.

போலந்தில் ஒரு சிறிய ஊர் இது. இரவில் பெட்டி கட்டும் வேலை, பகலில் தூக்கம். ஹெலெனா என்கிற வயதான அம்மாவின் வீட்டில் பின்கட்டு அறை எனக்கு. மரியாதைக்குப் 'பானி ஹெலெனா' என்று கூப்பிட வேண்டும். அவர் பேச்சு எனக்குத் தெரியாது. கைப்பேசிதான் நடுவில் நின்று மொழிபெயர்க்கும். குடிவந்த அன்றே சொல்லிவிட்டார். தரையில் இருக்கிற பசையை எடுக்க வேண்டும், நாற்காலிக் கால் தரையைக் கீறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பார். சரியாக இருந்தால், என் மனைவி ஆரோக்கியமேரியும் மகளும் இங்கே தங்கலாம் என்று காகிதத்தில் கையெழுத்துப் போடுவார். அந்தக் காகிதம் இல்லாமல் அவர்களுக்கு விசா இல்லை. மகளைப் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது.

பசை ஒரு கோடாக இருந்தது. கட்டிலில் தொடங்கி ஜன்னலோர நாற்காலி வரை. ஒட்டுநாடா ஒட்டிப் பிறகு யாரோ உரித்திருக்கிறார்கள். அதில் தூசி படிந்து கறுத்திருந்தது. கத்தி வைத்தால் கீறிவிடும். பலாப்பழம் அறுத்த கைக்கு என்ன செய்வோமோ அதைச் செய்தேன். பானியிடம் சமையல் எண்ணெய் வாங்கித் தடவி ஊறவிட்டேன். பழைய பிளாஸ்டிக் அட்டையால் தள்ளினால் பசை கறுப்புத் திரியாகச் சுருண்டு வந்தது. சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் எண்ணெயைத் துடைத்தேன். ஓரிடத்தில் பசையோடு ஒரு துண்டுக் கயிறு வந்தது. அப்போதுதான் புரிந்தது. நாடாவுக்கு அடியில் கயிறு ஓடியிருக்கிறது, காலுக்குத் தட்டுப்படுவதற்காக. கண் தெரியாத யாரோ இதில் நடந்திருக்கிறார்கள். கண்ணை மூடி நானும் நடந்து பார்த்தேன். ஏழாவது அடியில் நாற்காலி முழங்காலில் இடித்தது. அதற்குப் பிறகு வேலை முடிந்து அரைத்தூக்கத்தில் வரும்போதெல்லாம் கால் தானாக அந்த வழியில் போனது. பசை இல்லை. ஆனாலும் போனது.

எண்ணெய் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க முன்கட்டுக்குப் போனேன். சுவரில் ஒரு பெரியவரின் படம். பெரிதாக்கிச் சட்டம் போட்டிருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்; அந்தக் கோட்டில் நடந்தவர் இவர்தான். கீழே மேசையில் பூ. எங்கள் பக்கம் உயிரோடு இருப்பவர் படத்துக்குப் பூ வைக்க மாட்டோம். சிலுவை போட்டுக்கொண்டேன். பானி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

சாவு எடுத்த அறையைக் கழுவாமல் என் பிள்ளையை அங்கே படுக்க வைக்க முடியாது. மூன்று வாளி தண்ணீர் ஊற்றினேன். துடைப்பத்தால் தோட்டத்துக் கதவு வழியாகத் தள்ளினேன். அப்பாவை எடுத்த அன்று ஊரில் சிமெண்டுத் தரையைக் கழுவியது போலவேதான். மனசு லேசானது. படுத்துவிட்டேன்.

விழித்தபோது மத்தியானம். டக். கொஞ்சம் தள்ளி டக். கட்டில் பக்கத்திலிருந்து ஜன்னல் பக்கம் போனது. எண்ணினேன். ஏழு. எழுந்து பார்த்தால் பலகை சேரும் இடமெல்லாம் வரப்பு மாதிரி உப்பியிருந்தது. படம் எடுத்துக் கூட வேலை செய்யும் ஒரத்தநாட்டுச் செல்வத்துக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டான்.

"என்ன மாப்ள, நாத்து விடப் போறியா? அது மரம் இல்லடா, லாமினேட்டு. மரம் மாதிரி படம் ஒட்டின அட்டை. துணியப் பிழிஞ்சுதான் தொடைக்கணும்."

"காஞ்சா இறங்கிருமா?"

"இறங்காது. வேற பலகைதான். அந்தம்மா கையெழுத்துப் போட்ட மாதிரிதான் போ."

நாற்காலியையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று அதன் கால்களைத் துடைத்து, அடியில் கம்பளி வட்டங்களை ஒட்டினேன். இழுத்துப் பார்த்தேன். சத்தமே இல்லை. முன்பாவது நகர்ந்தால் கேட்கும். சனிக்கிழமை தூங்கி எழுந்தபோது அது ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, கட்டிலைப் பார்த்து நின்றது. நான்தான் திருப்பியிருப்பேன். நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பானி வந்தார். தரையைப் பார்த்துக் கைப்பேசியிடம் பேசினார். அது சொன்னது: "தரை ஏன் மலையாக உள்ளது?"

"எங்க ஊர்ல ஒருத்தர் செத்துட்டா வீட்டக் கழுவி விடுவோம்ங்க. ஐயா படத்தப் பாத்தேன். அதான்."

பானி நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு கைப்பேசி சொன்னது: "என் கணவர் சாகவில்லை. அவர் முதியோர் இல்லத்தில் சூப் குடிக்கிறார்."

உயிரோடு போனவரைக் கழுவி அனுப்பிவிட்டேன்.

"உயிரோடு வெளியே போனவருக்கு என்ன செய்வீர்கள்?" பானி கேட்டார்.

"ஒண்ணும் செய்ய மாட்டோம்ங்க. அன்னைக்கு வீட்டக் கூட்டக்கூட மாட்டோம். திரும்பி வரணும்ல."

கோடு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாடாவை உரித்தது நான்தான். அவர் போன அன்றே." பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். கையெழுத்துப் போட்டார். "பலகையை மாற்றிவிடலாம். பிறகு கோட்டை மறுபடி ஒட்டுங்கள். ஈஸ்டருக்கு ஒரு நாள் அவரை அழைத்து வருகிறேன்."

நான் ஊரைவிட்டுக் கிளம்பியது ஐப்பசி மழையில். யாரும் கூட்டிவிடக் கூடாது என்று மேரி துடைப்பத்தை ஒளித்து வைத்தாள். அன்று சாயங்காலம் வாய்க்கால் உடைந்து வீட்டுக்குள் தண்ணீர். "நாங்க கழுவலங்க. அதுவா வந்து கழுவிட்டுப் போயிருச்சு" என்று போனில் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இப்போது புதுப் பலகை. மேரிக்கும் மகளுக்கும் விசா வந்துவிட்டது. கயிறு வைத்து நாடா ஒட்டியிருக்கிறேன். தினமும் மத்தியானம் எழுந்து கண்ணைத் திறக்காமல் அதில் நடக்கிறேன். ஏழாவது அடியில் கை நீட்டினால் நாற்காலியின் முதுகு, வழவழப்பான மரம். ஊரில் என் கட்டிலிலிருந்து ஏழாவது அடியில் கொல்லைக் கதவு. அதற்கு இரும்புத் தாழ்ப்பாள், மழைக்காலத்தில் சில்லென்று இருக்கும்.

நேற்று ஏழாவது அடியில் கையில் பட்டது சில்லென்ற இரும்பு. கண்ணைத் திறக்காமல் அப்படியே நின்றேன்.