சின்ன வண்டிக்குச் சின்னத் தூசி

கார் தொழிற்சாலையில் தூசி பார்ப்பதுதான் என் வேலை. பெயிண்ட் அடித்து வெளியே வரும் ஒவ்வொரு காரையும் வெள்ளை விளக்குகளின் அடியில் நிறுத்தி, கையுறை போட்ட விரலால் தடவிப் பார்ப்பேன். பெயிண்டுக்குள் ஒரே ஒரு துகள் சிக்கியிருந்தாலும் அந்த இடத்தில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இதற்கு நேர்மாறான காரியத்தைச் செய்கிறேன். உள்ளங்கை அளவில் கார் செய்து, கதவு, கைப்பிடி, கண்ணாடி எல்லாம் வைத்து, பெயிண்ட் அடித்துக் காய வைத்து, கடைசியில் அதன்மேல் தூசி ஏற்றுகிறேன். ஒரு மாடல் கார் செய்வதற்கு என் நோட்டில் இருபத்திரண்டு படிகள் எழுதி வைத்திருக்கிறேன். இருபத்திரண்டாவது படி தூசி. அதற்கு மட்டும் டிக் போடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிடுகிறேன்.

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ஓர் ஆயுத பூசையன்று நான் செய்த வேலைதான் இதற்குக் காரணம்.

அப்போது நெய்வேலி டவுன்ஷிப் மதிலுக்கு வெளியே ஒரு தெருவில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்குச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடக்கும் நிலக்கரியை வாரி மறுபடியும் பெல்ட்டில் போட வேண்டும். அம்மாவின் தங்கையான சித்தி எங்களோடு இருந்தாள். டவுன்ஷிப் கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். கடையில் மீந்துபோகும் சன்போர்டு என்னும் நுரை அட்டைத் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து ஓர் அட்டைப்பெட்டியில் சேர்த்துவைத்துக் கார் செய்வாள். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் அதற்குப் பொழுதுபோக்கு என்ற பெயர் கிடையாது. அம்மா வைத்த பெயர் வெட்டி வேலை.

சித்தியின் வண்டியில் எது எதிலிருந்து வந்தது என்று அப்போதே என்னிடம் ஒரு பட்டியல் இருந்தது. டயர், பழைய ஹவாய் செருப்பு. முகப்பு விளக்கு, மாத்திரை அட்டையின் பிளாஸ்டிக் குமிழ். பக்கக் கண்ணாடி, அதே அட்டையின் வெள்ளித்தாள். மேல்கூரை, கிழிந்த குடைத்துணி. நம்பர் பிளேட்டை மட்டும் சித்தி கடையில் பெரிதாக டைப் செய்து, ஜெராக்ஸ் மிஷினில் சுருக்கி, சுருக்கியதை மறுபடியும் சுருக்கிக் கொண்டுவருவாள். நிஜ வண்டியில் இருபத்து நான்கு அங்குலம் என்றால் அவள் வண்டியில் ஓர் அங்குலம். இந்தக் கணக்கு எதற்காகவும் மாறாது.

ஒருநாள் டவுன்ஷிப் வண்டி ஷெட்டிலிருந்து மூன்று டிரைவர்கள் ஏதோ ஜெராக்ஸ் எடுக்க வந்தார்கள். மேஜை மேல் சித்தி செய்த கார் ஒன்று நின்றிருந்தது. அதைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார்களாம். அவர்களுடைய மூத்த டிரைவர் ஒருவர் அடுத்த மாதம் ஓய்வு பெறவிருந்தார். இருபது வருடங்களுக்கும் மேலாக ஒரே ஜீப்பைச் சுரங்கத்துக்குள் ஓட்டியவர். ஆயுத பூசையன்று ஷெட்டில் அவரை வழியனுப்பப் போகிறோம், அந்த ஜீப்பையே சின்னதாகச் செய்து தர முடியுமா என்று கேட்டார்கள். சித்தியிடம் ஒருவர் வண்டி வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்று மாலை அம்மா ஒரு நிபந்தனை வைத்தாள்.

"செய். ஆனா அந்த டிரைவரு பாத்த ஒடனே, இது என் வண்டின்னு சொல்லணும். சொல்லலன்னா அந்த அட்டப்பொட்டியப் பரண்மேல போட்டுடணும், ஆமா. வூட்ல இருக்கறது ஒரே ஒரு மேஜ. அதுலயும் செருப்புத் துண்டும் குடைத்துணியுமா கெடந்தா புள்ள எங்க ஒக்காந்து படிக்கும்?"

"சரிக்கா" என்றாள் சித்தி. அவ்வளவுதான்.

இரண்டு வாரத்தில் ஜீப் தயாராகிவிட்டது. அதன்பின் இன்னும் மூன்று வாரம் அவள் தூசி மட்டும் ஏற்றினாள். செங்கல் தூள், அடுப்புக்கரி, முகப்பவுடர் மூன்றையும் கலந்து, பழைய நைலான் சாக்ஸில் சலித்து, டப்பா மூடியில் வைத்துக்கொண்டு, பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு வைப்பாள். நிஜத் தூசியையே போட்டால் என்ன என்று கேட்டேன்.

"தெருத்தூசிய இதுமேல போட்டா கல்லு கல்லா தெரியும் பாப்பா. எல்லாத்தையும் சின்னதாக்கிட்டு தூசிய மட்டும் பெருசா வுட்டா எப்படி? சின்ன வண்டிக்குச் சின்னத் தூசி."

இன்னொன்றும் சொன்னாள். கழுவிய ஜீப் எல்லாம் ஒன்றுபோல இருக்கும், யாருடைய வண்டி என்பது தூசியில்தான் தெரியும். அந்த ஜீப்பில் இடது வைப்பர் வேலை செய்யாதாம். அதனால் முன்கண்ணாடியில் டிரைவர் பக்கம் மட்டும் விசிறி மாதிரி ஒரு துடைத்த இடம். இஞ்சினியர்கள் ஏறும் இடது படியில் மண் அதிகம். எல்லாவற்றையும் கடைப்பக்கம் ஜீப் வரும்போது நின்று பார்த்து எழுதி வைத்திருந்தாள்.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் அம்மா மறுபடியும் ஆரம்பித்தாள்.

"நாளு கெழமையில எவனாச்சும் அழுக்கு வண்டிய பூசைக்கு எடுத்துக்கினு போவானா? நாலு பேரு சிரிக்க மாட்டாங்க?"

என் காதில் அது விழுந்தது. சித்தியைப் பார்த்து நாலு பேர் சிரிக்கப் போகிறார்கள் என்பது மட்டும் எனக்கு மிக நன்றாகப் புரிந்தது.

நெய்வேலிப் பக்கம் வளர்ந்த பிள்ளைக்கு நடக்கத் தெரிவதற்கு முன்பே துடைக்கத் தெரியும் என்று சொல்லலாம். காலையில் துடைத்த ஜன்னல் மாலையில் மறுபடியும் விரலில் ஒட்டும். ஆயுத பூசை என்றால் கேட்கவே வேண்டாம். காலையில் சித்தி கடைப் பூசைக்குப் போனதும், அம்மா சொன்னவற்றையெல்லாம் வரிசையாக எழுதிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். ஜன்னல் கம்பி, டிக். ஃபேன் இறக்கை, டிக். டிவி, டிக். மண்வெட்டி, டிக். அரிவாள்மனை, கத்தரிக்கோல், டிக். பட்டியல் முடிந்தது. யாரும் சொல்லாமல் நானாகக் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். ஜீப்.

பல் தேய்க்கும் பிரஷ், ஷாம்பு, ஒரு மக் தண்ணீர். மூன்று வாரத் தூசி முப்பது எண்ணுவதற்குள் போய்விட்டது. டப்பா மூடியில் மிச்சமிருந்த பொடியைக் குப்பையில் கொட்டி, மூடியையும் கழுவிக் கவிழ்த்தேன். ஜீப்பின் முன்னால் தீக்குச்சியால் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். ஓர் அரளிப் பூவும் வைத்தேன். பளபள என்று நின்றது. டிக்.

ஒரு மணிக்குச் சித்தி வந்தாள். மேஜையைப் பார்த்தாள். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றாள்.

"எத வச்சித் தேச்ச?"

"பல்லு வெளக்கற பிரஷ்ஷு."

"சோப்பா?"

"ஷாம்பு சித்தி. பெயிண்டுக்கு ஒண்ணும் ஆவல. நான் பாத்துப் பாத்துதான் தேச்சேன்."

அடிப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாராட்டுவாள் என்று நின்றுகொண்டிருந்தேன். அவள் குனிந்து, அரளிப் பூவை எடுத்து என் தலையில் செருகினாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியபோதுதான் நான் ஏதோ செய்துவிட்டேன் என்று தெரிந்து நானும் ஓவென்று அழுதேன்.

சத்தம் கேட்டு அம்மா வந்தாள். ஜீப்பைப் பார்த்தாள். வெட்டி வேலை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "எத்தினி மணிக்குடி அங்க போவணும்?" என்றாள்.

"நாலு மணிக்கு."

"அப்ப ஏன் ஒக்காந்துக்கினு இருக்க? தூசிதான வேணும்? இந்த ஊர்ல தூசிக்கா பஞ்சம்?"

அன்றைக்குப் பஞ்சம்தான். எங்கள் வீட்டில் நானே ஒன்றுவிடாமல் துடைத்திருந்தேன். தெருவில் எல்லா வாசலும் கழுவி ஈரமாக இருந்தது. அம்மா என்னைக் கையில் ஒரு கிண்ணத்தோடு எதிர்வீட்டுக்கு அனுப்பினாள்.

"அத்தே, உங்க வூட்ல தூசி இருக்குதுங்களா?"

எதிர்வீட்டு அத்தை துடைப்பத்தோடு நிமிர்ந்தாள். "ஏன்டி, என் வூட்டப் பாத்தா தூசி மண்டிக் கெடக்கற வூடு மாதிரியா தெரியுது? காலையிலேர்ந்து தண்ணி ஊத்திக் கழுவி இடுப்பு ஒடஞ்சி கெடக்கறேன். யாரு சொல்லிக் குடுத்து அனுப்பனாங்க ஒன்ன? ஒங்கம்மாவா?"

பக்கத்து வீட்டில் அதைவிட மோசமாகப் பேச்சு வாங்கினேன். தெருக்கோடியில் கொஞ்சம் மண் கிடைத்தது. சித்தி அதைச் சலித்துப் பார்த்துத் தலையை ஆட்டினாள். நிறமும் சேரவில்லை, நைசாகவும் இல்லை. செங்கல் உடைத்துத் தூளாக்கிக் கலந்து பழைய பதத்துக்குக் கொண்டுவர இரண்டு நாளாவது வேண்டும். மணி இரண்டே முக்கால்.

அப்போது சைக்கிள் மணி கேட்டது. காலை ஷிஃப்ட் முடிந்து அப்பா வந்துகொண்டிருந்தார். மற்ற நாட்களில் அப்பா அந்தச் சட்டையோடு வாசலைத் தாண்ட முடியாது. தெருவிலேயே உதறிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். அன்றும் அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு உதறத் தயாரானார்.

"ஒதறாதீங்க!" அம்மா அலறிய அலறலில் அப்பாவின் கை அப்படியே நின்றது.

"என்னா? என்னாச்சு? யாருக்கு என்னா?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. அசையாம உள்ள வாங்க. மூச்சு கூட மெதுவா வுடுங்க."

அப்பா கையை விரித்தபடி, தலையில் குடம் வைத்தவர் மாதிரி நடந்து கூடத்துக்குள் வந்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தூசியோடு அவர் கூடத்துக்குள் வந்தது அன்று ஒருநாள்தான். சித்தி தரையில் நியூஸ் பேப்பரை விரித்தாள். அப்பாவை நடுவில் நிறுத்தி, நாங்கள் மூன்று பேரும் சுற்றி நின்றோம்.

"மாமா, கோச்சிக்காதீங்க. ஒங்க தூசி கொஞ்சம் வேணும்."

"எடுத்துக்கம்மா. கேக்கணுமா இதுக்குப் போயி?" என்றார் அப்பா. "எதுக்குன்னு மட்டும் அப்பறமா சொல்லுங்க."

நான் நோட்டை எடுத்துப் பட்டியல் போட்டேன். சட்டைப் பை, ஒரு சிட்டிகை. காலர் மடிப்பு, கொஞ்சம், வேர்வையில் கட்டியானது. பேன்ட் மடிப்பு, ஒரு கைப்பிடி, கல்லோடு. பூட்ஸ், மண். சித்தி ஒவ்வொன்றையும் விரலில் தேய்த்துப் பார்த்து ஒதுக்கினாள். நிறம் சரிதான். கரியும் செம்மண்ணும் கலந்த அதே நிறம். ஆனால் எதுவும் போதுமான அளவு நைசாக இல்லை.

கடைசியில் அப்பா கழுத்தில் கிடந்த துண்டை எடுத்தாள். வேலை நேரத்தில் அப்பா அதைத்தான் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொள்வார். பேப்பர் மேல் விரித்தபோது, வாய் இருந்த இடத்தில் வட்டமாகக் கறுத்திருந்தது. உள்பக்கம் இன்னொரு வட்டம், அதைவிட மங்கலாக. சித்தி அந்த உள்வட்டத்தை மெல்லச் சுண்டினாள். மாவு மாதிரி உதிர்ந்தது. விரலில் தேய்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"இதான்க்கா! இதான்! எவ்ளோ நைசு பாரு!"

நான் கைதட்டினேன். அம்மா துண்டின் மறுமுனையைப் பிடித்திருந்தாள். அவள் மட்டும் அந்த உள்வட்டத்தையும் அப்பாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அரைமணி நேரத்தில் சித்தி மூன்று வார வேலையைத் திரும்பச் செய்தாள். படியில் மண், மட்கார்டில் கரி, கண்ணாடி முழுக்க மெல்லிய படலம். வைப்பர் துடைத்த விசிறியைப் போட மட்டும் நேரமில்லை. ஜீப்பை இனிப்புப் பெட்டிக்குள் வைத்து, அப்பா மெதுவாக மிதித்த சைக்கிளில் முன்னால் நான், பின்னால் சித்தி, அம்மா பின்னாலேயே நடந்து வர, ஷெட்டுக்குப் போனோம்.

ஷெட்டில் எல்லா வண்டிகளும் கழுவி, வாழைக்கன்று கட்டி, பட்டை பட்டையாகச் சந்தனம் பூசி நின்றன. அந்த ஜீப்பும் வரிசையில் நின்றது. எது அது என்று எனக்குத் தெரியவில்லை. மூத்த டிரைவர் மாலை போட்டுக்கொண்டு, அந்த மாலையை எப்படிச் சுமப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். பெட்டியை அவர் மடியில் வைத்தார்கள். திறந்தார்.

சுற்றி நின்றவர்களில் ஒருவர் சொன்னார். "இன்னாம்மா இது, பூசையும் அதுவுமா கழுவாம எடுத்தாந்துட்டீங்க?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். அம்மா சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டிரைவர் சிரிக்கவில்லை. ஜீப்பைக் கண்ணுக்கு நேராகத் தூக்கினார். இடது படியைப் பார்த்தார். வரிசையில் பளபளத்து நின்ற ஜீப்பை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"அதோ நிக்கிதே, அது யாரு வண்டியோ" என்றார். "இதாம்பா என் வண்டி."

பிறகு, தான் என்ன செய்கிறோம் என்ற நினைவே இல்லாதவர் போல, தோளில் கிடந்த துண்டின் நுனியை விரலில் சுற்றி, முன்கண்ணாடியில் டிரைவர் பக்கம் மட்டும் ஒரு தடவை துடைத்தார். சரியாக விசிறி மாதிரி.

"சித்தி, அவரும் தொடைக்கிறாரு பாரு" என்று நான் நியாயம் கேட்டேன். சித்தி சிரித்துக்கொண்டே அழுதாள்.

அட்டைப்பெட்டி பரணுக்குப் போகவில்லை. மறுவாரம் அம்மா அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தாள். அந்தத் தட்டிலிருந்துதான் என் படிப்பும் என் வேலையும் வந்தன என்று நான் நம்புகிறேன். ஷாம்பு போட்டவளுக்கு மறுநாளே கத்திரியும் சன்போர்டும் கொடுத்த சித்திக்கும், அலமாரி கொடுத்த அம்மாவுக்கும், கூடத்தின் நடுவில் கை விரித்து நின்ற அப்பாவுக்கும் நான் இன்னும் முறையாக நன்றி சொல்லவில்லை. வீட்டில் யார் யாருக்கு நன்றி சொல்கிறோம்?

தொழிற்சாலையில் சேர்ந்த முதல் நாளே எங்களுக்கு முகமூடி கொடுத்து ஒன்று சொன்னார்கள். கண்ணுக்குத் தெரியும் தூசியைப் பற்றிக் கவலைப்படாதே, அது மூக்கோடு நின்றுவிடும். மாவு மாதிரி இருப்பதுதான் நுரையீரல்வரை போகும். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். நான் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன்.

அன்று ஷெட்டிலிருந்து திரும்பும்போது அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கம்பியில் உட்கார்ந்திருந்த நான் அவர் தாடையைப் பிடித்துத் திருப்பி, "அப்பா, நாளைக்கும் இதே மாதிரி நைசா கொண்டாப்பா. நெறைய" என்றேன்.

"கண்டிப்பா கொண்டாரேன். அங்க என்னா பஞ்சமா?" என்று அப்பா சிரித்தார். சிரிப்பு முடியும் இடத்தில் இரண்டு முறை இருமினார்.

மறுநாள் காலை அப்பாவின் சாப்பாட்டுப் பையில் ஒரு துண்டுக்குப் பதிலாக இரண்டு துண்டுகள் இருந்தன. அம்மா இரண்டையும் சேர்த்து நாலாக மடித்து ஓரம் தைத்திருந்தாள். இவ்வளவு கெட்டியாகத் தைத்தால் சித்திக்குத் தூசி எப்படிக் கிடைக்கும் என்று நான் அம்மாவிடம் சண்டை போட்டேன்.