மாலைதீவின் ஆட்டத்தில் அப்பா

எங்கள் ஒழுங்கையின் இரண்டு பக்கத்து வீடுகளிலும் இருந்த பிள்ளைகள் எல்லோருக்கும் தங்கள் அப்பாவைத் தூரத்திலேயே தெரியும். பின்னேரம் துறைமுகப் பக்கமிருந்து ஆட்கள் வேலை முடிந்து வரும்போது, முகம் தெரியுமுன்னமே நடையைப் பார்த்து, ‘எங்கட அப்பா’ என்று கத்திக்கொண்டு ஓடிப்போவார்கள். ஒருவர் சாரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி வருவார். ஒருவர் ஏறி ஓடக்கூடிய சைக்கிளை எதற்கென்று தெரியாமல் உருட்டிக்கொண்டே வருவார். நான் மதிலில் ஏறி இருந்து எல்லா அப்பாக்களையும் பார்ப்பேன். என் அப்பா மாலைதீவில் இருந்தார்.

அவர் போனபோது எனக்கு நினைவு தெரியாத வயது. அலுமாரிக்கு மேலே ஒரு படம் இருந்தது. ஸ்டூடியோக் கதிரையில், முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு இருப்பார். அந்தக் கதிரையை விட்டு அவர் எழும்பியதே இல்லை. வெள்ளிக்கிழமைகளில் பக்கத்து வீட்டுக் கிளாக்கர் ஐயாவின் தொலைபேசியில் குரல் வரும். கதிரையில் இருக்கிற அப்பா ஒருவர், கதைக்கிற அப்பா ஒருவர். நடக்கிற அப்பாதான் என்னிடம் இல்லை.

“அப்பா எப்பிடியம்மா நடக்கிறவர்?” என்று அம்மாவைப் பிடுங்கி எடுத்தேன். எல்லாரையும் போலத்தான் என்று சொல்லிப் பார்த்தாள். நான் விடவில்லை. கடைசியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தவள் எழும்பி, ஈரக் கையோடு, நெஞ்சை முன்னுக்குத் தள்ளி, முற்றத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு விறுவிறென்று நடந்து காட்டினாள். “கொப்பரோட கோயிலுக்குப் போறதெண்டால் நான் பின்னால ஓடவேணும், தெரியுமோ” என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு குனிந்து உடுப்பைப் பலமாக அடித்துத் தோய்த்தாள்.

கிளாக்கர் ஐயா எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். தொலைபேசியும் நல்ல தொலைக்காட்சிப் பெட்டியும் அவர் வீட்டில்தான் இருந்தன. இரண்டையும் எங்களுக்கு மனமாரத் திறந்துவிட்டார். கூடவே தன்னுடைய அபிப்பிராயங்களையும் திறந்துவிடுவார். அதைக் கேட்காமல் எழும்பி வர ஏலாது.

அப்பா முதலில் கட்டட வேலைக்குத்தான் போயிருந்தார். இடையில் சில மாதங்கள் வேலை கூடிப்போச்சு என்று சொல்லி வெள்ளிக்கிழமைக் கதையைக் குறைத்துக்கொண்டார். பிறகு ஒருநாள் உற்சாகமாகக் கோல் எடுத்தார். கட்டட வேலையை விட்டுவிட்டாராம். இப்போது அங்குள்ள உதைபந்தாட்ட மைதானத்தில் வேலையாம். புல்லுக்குத் தண்ணீர் விடுவது, வெள்ளைக் கோடு போடுவது. ஆட்ட நாளில் யாரும் அடிபட்டு விழுந்தால் ஸ்ட்ரெச்சர் தூக்கிக்கொண்டு போகிற நான்கு பேரில் அவரும் ஒருவர். லேசான வேலை என்று சொல்லிச் சிரித்தார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, மூதூருக்குப் போகிற லோஞ்சுப் படகில் டிக்கெற் கிழிக்கிறவர். அவருக்கு ஒரு செய்தி கிடைத்தால் அது குடாவைக் கடந்து திரும்பி வரும்போது அடையாளம் தெரியாமல் வளர்ந்திருக்கும். “அத்தான் இப்ப மாலைதீவு ரீமோட” என்று அவர் காலையில் சொன்னது, பொழுதுபடும்போது, அந்த நாட்டு அணிக்கு வைத்தியம் பார்ப்பவரே என் அப்பாதான் என்ற அளவில் மூதூருக்கும் அப்பால் கட்டைபறிச்சான் வரை போயிருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் அதற்கும் மேலே இரண்டு படி ஏற்றிச் சொன்னேன்.

அந்த வருடம் மாலைதீவில் அயல்நாடுகளின் அணிகளுக்கு ஒரு போட்டி நடந்தது. எங்கள் நாட்டு அணியும் போனது. போன வேகத்திலேயே தோற்றுத் திரும்பியது. எங்கள் தேசியத் தொலைக்காட்சியும் அவர்களோடு சேர்ந்து மூட்டை கட்டிவிட்டது. எங்கள் அணி விளையாடாத ஆட்டங்கள் காட்டப்பட மாட்டா என்று அறிவித்தார்கள். மாலைதீவு அணியோ வென்று வென்று இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டது. அதில் அப்பா நிற்பார். நின்றால் போதாது, ஓடுவார்.

கிளாக்கர் ஐயா வீட்டு விறாந்தையில் இது பெரிய வழக்காகிப்போனது.

“தேசியத் தொலைக்காட்சி எண்டால் தேசத்தைத்தான் காட்டவேணும்” என்றார் கிளாக்கர் ஐயா. “எங்கட பிள்ளையள் தோத்து வந்திட்டினம். இனி அடுத்த வீட்டுக்காரன்ர பந்தை நாங்கள் ஏன் பாக்கவேணும்? அவன் எங்கட விளையாட்டைக் காட்டுறானோ?”

கிண்ணியாவிலிருந்து சைக்கிளில் கருவாடு கொண்டுவந்து விற்கிற, நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் வியாபாரி அன்று அங்கே நின்றார். உதைபந்தாட்டம் என்றால் அவருக்கு வியாபாரம் மறந்துபோகும்.

“கிளாக்கர் ஐயா, ஒண்டு கேக்கன், கோவிக்காதீங்க” என்றார். “காலையில உங்கட வீட்டுச் சம்பலுக்கு இடிக்கிற மாசிக் கருவாடு எந்த நாட்டு மாசி? மாலைதீவு மாசிதானே? அவனுகட மீன் உங்கட வயித்துக்குள்ள போகலாம், அவனுகட பந்து உங்கட டீவிக்குள்ள வரப்படாதா?”

உள்ளே சம்பல் அரைத்துக்கொண்டிருந்த கிளாக்கர் ஐயாவின் மனைவி சிரித்தது விறாந்தைக்குக் கேட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மாசி சாப்பாட்டுச் சாமான். இது தேசியம்” என்றார்.

“தேசத்தைக் காட்டுறதெண்டால் எங்கட ஊரை ஏன் காட்டுறேல்ல?” என்று மாமா பாய்ந்தார். “திருகோணமலை ரீவியில வாறதெண்டால் இஞ்ச குண்டு வெடிக்கவேணும். அடுத்த நாட்டுக்காரன்ர விளையாட்டில எங்கட ஊர் ஆள் ஒருத்தர் ஓடப்போறார். அதையாவது காட்டட்டுமன்.”

“மெல்லக் கதையடா” என்று அம்மா அதட்டினாள். சந்தியிலிருந்த ஆமிக் காவலரணுக்குக் கேட்டுவிடும் என்ற பயம் அவளுக்கு. சமாதான காலந்தான், என்றாலும் பழகிப்போன பயம்.

அந்த வெள்ளிக்கிழமை அப்பா எடுத்தார். எனக்கும் கேட்க வேண்டுமென்று அம்மா ரிசீவரைத் தன் காதுக்கும் என் காதுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டாள். விறாந்தையில் நடக்கிற வழக்கைச் சொன்னாள். அப்பா சிரிப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் சிரிக்கவில்லை.

“அவங்கட விளையாட்டை எங்கட ரீவியில ஏன் போடவேணும்?” என்றார். “கிளாக்கர் ஐயா சொல்லுறதுதான் சரி. போட்டாலும் நீங்கள் பாக்கத் தேவையில்ல. எனக்கு வெக்கமா இருக்கு.”

அம்மா அதைச் சொன்னதும் கிளாக்கர் ஐயாவுக்கு வாயெல்லாம் பல். “பாத்தியளோ, நியாயம் தெரிஞ்ச மனுசன்” என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் பார்ப்பதில் அப்பாவுக்கு என்ன வெட்கம்? என்னைப் பார்க்க அவருக்கு ஆசை இல்லை, அதனால் நான் அவரைப் பார்ப்பதும் பிடிக்கவில்லை என்று நானே ஒரு கணக்குப் போட்டு, படத்தில் இருந்த அப்பாவோடு இரண்டு நாள் கோபமாக இருந்தேன். கோபத்தை அவருக்குத் தெரிவிக்க வழி இல்லாததால் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். அம்மா அதை நேரே திருப்பி வைத்தாள்.

மாமா சும்மா இருக்கவில்லை. லோஞ்சில் ஏறுகிற இறங்குகிற ஆட்களையெல்லாம் பிடித்து, தொலைக்காட்சி நிலையத்துக்குக் கோல் எடுத்து இறுதி ஆட்டத்தைப் போடச் சொல்லிக் கேட்கும்படி கெஞ்சினார். மூதூர், கிண்ணியாப் பக்கத்து விளையாட்டுக் கழகப் பொடியன்களிடம் கெஞ்சத் தேவையிருக்கவில்லை. தானே தனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஒரு முறை கதைத்ததாகவும், மறுபக்கத்தில் ஒரு பெண் மிக மரியாதையாகக் கேட்டுக்கொண்டதாகவும் மாமா சொன்னார். அவர் எந்த இடத்துக்கு எடுத்துக் கதைத்தார் என்பது கடைசி வரை தெளிவாகவில்லை.

என்ன நடந்ததோ, இறுதி ஆட்டத்தின் பதிவு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் காட்டப்படும் என்று அறிவித்துவிட்டார்கள். ஆட்டம் நடந்து முடிந்ததற்கு அடுத்த நாள். மாமா அந்த வெற்றியைத் தனியாளாக எடுத்துக்கொண்டார்.

இப்போது புதிதாக ஒரு கவலை பிறந்தது. யாரும் விழாவிட்டால் ஸ்ட்ரெச்சர் எதற்கு? ஸ்ட்ரெச்சர் வராவிட்டால் அப்பா எப்படி வருவார்? ஞாயிறு காலையில் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு காளி கோயிலுக்குப் போனாள். ஒருவன் அடிபடவேண்டும் என்று எப்படிக் கும்பிடுவது? அம்மா கண்ணை மூடிக்கொண்டு, எனக்குக் கேட்கிற குரலில், அம்மனோடு பேரம் பேசினாள்.

“ஆருக்கும் பெரிசா ஒண்டும் வரப்படாது தாயே. எந்த நாட்டுப் பிள்ளையெண்டாலும் தாய் ஒருத்தி இருப்பாள். சும்மா ஒருக்கா விழுந்து எழும்பட்டும். நோகாமல் விழட்டும்.”

நேர்த்திக்குத் தேங்காய் வாங்கிக்கொண்டு திரும்பும்போது நானா எதிர்ப்பட்டார். விசயத்தைக் கேட்டதும் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

“என்ன தங்கச்சி, மெச் நேத்தே முடிஞ்சு போச்சே. விழுறவன் நேத்தே விழுந்திருப்பான். இப்ப நேந்து என்ன செய்ய?”

“அவையளுக்கு முடிஞ்சுது நானா” என்றாள் அம்மா. “எங்களுக்கு இன்னும் தொடங்கவே இல்லையே.”

பின்னேரம் கிளாக்கர் ஐயா வீட்டு மண்டபம் நிறைந்துவிட்டது. கொள்கை வேறு, விருந்தோம்பல் வேறு என்று அவர் அயன் பண்ணிய சேர்ட் அணிந்து வாசலில் நின்று வரவேற்றார். மாமா கூரையில் ஏறி அன்ரனாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் படத்தில் மழை பெய்தது. மாலைதீவு இருக்கிற பக்கமாகத் திருப்பினால் அப்பா தெளிவாகத் தெரிவார் என்று நான் கீழே நின்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், மாமா மட்டும் எனக்காக அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

முதல் பாதியில் ஒருவரும் விழவில்லை. அத்தனை நல்ல பிள்ளைகளை நான் அதுவரை கண்டதில்லை. மோதினாலும் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். “என்ன விளையாட்டிது, கலியாண வீடு மாதிரி” என்று நானா சலித்துக்கொண்டார். நான் பந்தைப் பார்க்கவேயில்லை. கோட்டுக்கு வெளியே தெரிகிற ஆட்களையே பார்த்தேன். படம் அவர்களிடம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது.

இரண்டாம் பாதியில் சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் சுருண்டு விழுந்தான். மண்டபமே “அப்பாடா!” என்றது. மஞ்சள் அங்கி போட்ட நான்கு பேர் ஸ்ட்ரெச்சரோடு புல்லுக்குள் ஓடிவந்தார்கள். யாரும் வாய் திறக்கு முன்னமே அம்மா சொன்னாள்:

“அந்தா. பின்னுக்கு, வலப்பக்கம்.”

கண்டேன். அப்பா ஓடினார். முகம் சரியாகத் தெரியவில்லை, மழைப் படம். ஆனால் ஓட்டம் தெரிந்தது. மற்ற மூவரும் நேராக ஓட, அப்பா மட்டும் ஒவ்வொரு அடிக்கும் ஒரு பக்கம் சாய்ந்து எழும்பினார். இடது கால் வெளியே ஒரு வட்டம் போட்டு வந்து, பாதி நிலத்தில் பட்டவுடனே அடுத்த துள்ளல். அப்படி ஓடுகிற ஒரு அப்பா எங்கள் ஒழுங்கையில் யாருக்கும் இல்லை. அவர்கள் கிட்டப் போவதற்குள் விழுந்தவன் எழும்பித் தூசி தட்டிக்கொண்டு போய்விட்டான். வெறும் ஸ்ட்ரெச்சரோடு நால்வரும் திரும்பி ஓட, அப்பாவின் முதுகு இரண்டு துள்ளல் துள்ளி, படம் பந்தின் பின்னால் போய்விட்டது.

“எழும்பிட்டானே பாவி!” என்று எல்லோரும் ஒரே குரலில் கத்திச் சிரித்தார்கள். நான் கதிரையில் ஏறி நின்று குதித்தேன். பிறகு பார்த்தால், சிரிப்பு முன்வரிசையிலிருந்து ஒவ்வொருவராக அடங்கிக்கொண்டு வந்தது. கிளாக்கர் ஐயா எழும்பிப் போய்ச் சத்தத்தைக் குறைத்தார். தேசியத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “பிள்ளைக்குத் தேத்தண்ணி கொண்டுவா” என்று உள்ளே பார்த்துச் சொன்னார். பிள்ளை என்றது என்னை அல்ல, அம்மாவை. யார் வென்றார்கள் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

வெளியே வந்தபோது, படலையடியில் அம்மா மாமாவைப் பிடித்து நிறுத்தினாள்.

“உனக்குத் தெரியுமோ?”

மாமா, கிளாக்கர் ஐயாவின் குரோட்டன் செடியைக் கடித்துக்கொண்டிருந்த, எங்கள் ஊர்த் தெருக்களில் திரிகிற மான் ஒன்றையே பார்த்துக்கொண்டு நின்றார். “சொல்லவேண்டாம் எண்டவர் அக்கா” என்றார்.

எதை என்று கேட்க எனக்கு நேரம் இல்லை. நான் என் கூட்டாளிகளிடம் ஓடினேன். மேல்மாடிக் கட்டுவேலையில் அப்பா தவறி விழுந்தது, எலும்பு பிழையாகப் பொருந்தியது, அந்த மாதங்களில் அறையில் படுத்துக்கிடந்துகொண்டுதான் வேலை கூடிப்போச்சு என்று எங்களுக்குச் சொன்னது எல்லாம் நான் வளர்ந்த பிறகு எனக்குச் சொல்லப்பட்ட கதை. அன்று என்னிடம் ஓடுகிற அப்பா ஒருவர் இருந்தார். அத்தனை வருட ஏக்கத்துக்குப் பிறகு கிடைத்தவர். அவரை ஊர் முழுக்கக் காட்டாமல் என்னால் இருக்க முடியவில்லை.

மறுநாள் எங்கள் முற்றத்தில் அதுதான் விளையாட்டு. இரண்டு தடிகளுக்கு நடுவில் உரச்சாக்கு. ஒருவன் விழவேண்டும், நாங்கள் நால்வர் ஓடவேண்டும். எல்லோரும் நேராக ஓடினார்கள். “அப்பிடியில்ல, எங்கட அப்பா மாதிரி ஓடவேணும்” என்று நான் பழக்கினேன். இடது காலை வெளியே வீசு, பாதி வை, துள்ளு. முதலில் சிலருக்கு வரவில்லை. பிறகு ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லோரும் சாய்ந்து சாய்ந்து ஓடினார்கள். எனக்குப் பெருமை தாங்க முடியவில்லை.

அம்மா குசினி வாசலில் வந்து நின்றாள்.

“அம்மா, அப்பா மாதிரியே இருக்கோ?” என்று கத்தினேன்.

“ஓம்” என்றாள். “அப்பா மாதிரித்தான் இருக்கு.”

புழுதிக்கு ஏசப்போகிறாள் என்று நினைத்தேன். இறங்கி வந்தவள் எனக்கு முன்னால் முழந்தாளிட்டு, என் இடது காலை இரண்டு கைகளாலும் பிடித்து, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை மெல்ல மெல்ல அமத்திக்கொண்டே வந்தாள். நான் விழுந்து அடிபட்டால் செய்வது போலவே செய்தாள். “எனக்கொண்டும் நோகேல்லயம்மா” என்றேன். அவள் விடவில்லை. நான் காலை இழுத்தேன், பலமாக இழுத்தேன், ஏனென்றால் பிள்ளைகள் சாக்கைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள், அப்பாவாக ஓடுவது அடுத்த முறையும் நான்தான்.