பதினாறால் வகுத்தல்

குற்றாலத்தில் சீசன் இல்லாத மாதங்களில் சில லாட்ஜ்களில் அறையை மாத வாடகைக்குத் தருவார்கள். சாரல் தொடங்கியதும் காலி செய்துவிட வேண்டும் என்பது பேச்சு. அதை யாரும் எழுதி வாங்குவதில்லை. அதுவரை எண்ணெய் தேய்ப்பவர்களின் பெஞ்சுகள் கவிழ்ந்து கிடக்கும். பாறையில் தண்ணீர் நூல் போல இறங்கும். மூடிய கடைகளின் தகரத்தின் மேல் குரங்குகள் உட்கார்ந்து வராத ஆட்களுக்காகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அப்படி ஒரு தை மாதக் கடைசியில் நான் இரண்டாம் மாடியில் ஓர் அறை எடுத்தேன். அந்த மாடியில் வேறு யாரும் இல்லை.

பிறந்தது அச்சன்புதூர்ப் பக்கம். இப்போது அங்கே போனால் என்னை அடையாளம் கண்டு நிறுத்திப் பேச ஆள் கிடையாது. பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டேன். திருப்பூரில் பனியன் கம்பெனி, மங்களூரில் ஓட்டல், புளியறையில் லாரிகள் நிற்கும் இடத்தில் புரோட்டாக் கடை, கோயம்புத்தூரில் டைப் அடிக்கும் சென்டர் என்று ஓர் இடத்திலும் தரிக்கவில்லை. அந்த சென்டரில்தான் மின்நூல் வேலை பழகினேன். சொந்தமாக ஒரு பழைய லேப்டாப் வந்த பிறகு, நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று யாரும் கேட்பதில்லை. சென்னையிலிருந்து ஒரு கம்பெனி பழைய நாவல்களின் கோப்புகளை அனுப்பும். சரிசெய்து திருப்பி அனுப்புவேன். அவர்கள் முகத்தை நான் பார்த்ததில்லை.

வேலை இதுதான். ஒவ்வொரு மின்நூலுக்குள்ளும் ஸ்டைல் ஷீட் என்று ஒரு கோப்பு இருக்கும். எந்த வரிக்கு எழுத்து எவ்வளவு பெரிது, ஓரத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதையெல்லாம் அதுதான் சொல்லும். பழைய நூல்களில் இந்த அளவுகள் பிக்சல் என்னும் திரைப் புள்ளிக் கணக்கில் இருக்கும். அது பிடிவாதமான அளவு. வாசிப்பவர் எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லித் திரையை எவ்வளவு அழுத்தினாலும் பல போன்களில் அசையாது. அதை ‘எம்’ என்னும் அளவுக்கு மாற்றச் சொன்னார்கள். எம் தன்னைச் சுற்றியிருக்கும் எழுத்தில் இத்தனை பங்கு என்று கணக்கு வைத்திருக்கும். சுற்றியிருப்பது வளர்ந்தால் தானும் வளரும். சாதாரண எழுத்து பதினாறு பிக்சல். ஆகவே எல்லா எண்களையும் பதினாறால் வகுத்தால் எம் வந்துவிடும். கையால் செய்தால் ஒரு நூலுக்கே கண் பூத்துப்போகும். யாரோ இந்தியில் பேசிப் போட்டிருந்த வீடியோக்களைப் பார்த்து ஸ்கிரிப்ட் என்னும் ஒரு சின்ன நிரல் எழுதினேன். கோப்பைக் கொடுத்தால் பிக்சலைத் தேடிப் பிடித்து, வகுத்து, எம் என்று எழுதிவிடும். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஒரு நூல் முடிந்திருக்கும்.

டீ கீழே, லாட்ஜ் மேனேஜரின் ஸ்டவ்வில். ஐம்பது தாண்டியவர், சவுதியில் தம்மாமில் ரொம்ப வருஷம் இருந்துவிட்டு வந்தவர். நான் பாய் என்று கூப்பிடுவேன்.

“நாள் பூரா அறைக்குள்ள கெடந்து என்னவே செய்யுதீரு? கள்ள நோட்டு அடிக்கீரா?” என்று முதல் வாரத்தில் கேட்டார்.

“புஸ்தகத்துல எழுத்து பெருசாவ வழி பண்ணுதேன் பாய்.”

“அப்ப கண்ணாடிக் கடைன்னு சொல்லும்.”

அவருக்கு அது விளையாட்டுப் பேச்சு மட்டும் இல்லை. சர்க்கரையில் இடது கண் போய்விட்டது. வலது கண்ணிலும் ரத்தக் குழாய் கசிந்துகொண்டிருந்தது. திருநெல்வேலியில் ஆபரேஷனுக்கு வைகாசியில் நாள் கொடுத்திருந்தார்கள். செய்தால் பார்வை நிற்கலாம், நிற்காமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதை அவர் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் மாதிரித்தான் என்னிடம் சொன்னார்.

முடித்த நூலை ஒரு போனில் திறந்து பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும் என்பது கம்பெனி விதி. என் போன் உடைந்து பாதித் திரை கறுத்திருந்தது. அதனால் பாயின் போனில் ஏற்றிப் பார்ப்பேன். அவர் போனில் எழுத்து கடைசி எல்லை வரை பெரிதாக்கி வைத்திருக்கும். திரைக்கு ஏழெட்டுச் சொல்தான் நிற்கும். பங்குனியில் ஒரு நாள் அப்படி ஏற்றிய நூலின் அட்டையை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். கப்பலில் ஒரு கொலை நடக்கும் பழைய துப்பறியும் நாவல்.

“இது எங்கன கெடச்சுது உமக்கு?”

தம்மாமில் அவர்கள் தங்கியிருந்த அறையில் அந்த நாவலின் பிரதி ஒன்று கைமாறிக் கைமாறி வந்ததாம். பின்பாதி இல்லை. எவனோ கிழித்து மிக்சர் பொட்டலம் கட்டிவிட்டான். அறையில் இருந்த எல்லோரும் அந்த முன்பாதியை வாசித்தவர்கள். கொலை செய்தது கேப்டனா, சமையல்காரனா என்று சாப்பாட்டு நேரத்தில் சண்டை போடுவார்களாம். அந்த அறையில் இருந்தவர்களில் இவரோடு பேச்சில் இருப்பவர் இப்போது யாரும் இல்லை.

“ஆபரேஷனுக்கு முன்னால இத முடிச்சிரணும்” என்றார்.

“நான் வாசிச்சுச் சொல்லுதேன் பாய். ரெண்டு நாள்ல முடியும்.”

“வேண்டாம். நீரு வாசிச்சா உம்ம குரல்லலா கேக்கும். அதுல எல்லாப் பயலும் எனக்கு என் குரல்லதான் பேசிருக்கான். கேப்டன் உம்மள மாதிரி பேசுனா நான் எப்படி நம்ப?”

அன்றிலிருந்து காலையில் வெளிச்சம் நன்றாக விழும் வாசல் படியில் நாற்காலி போட்டு வாசிப்பார். ஒரு பக்கம் முடிய வெகுநேரம் ஆகும். நடுநடுவே கண்ணை மூடிக்கொள்வார். குரங்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாலும் தெரியாது. நான் மேலே போய் வகுத்துக்கொண்டிருப்பேன். அந்த நாவலில் ஒரு வரியும் நான் வாசித்ததில்லை. அது மட்டுமில்லை, என் கை வழியாகப் போன எந்த நூலையும் வாசித்ததில்லை. எனக்கு அவை எண்கள்.

ஆபரேஷனுக்குச் சனிக்கிழமை மகள் வந்து கூட்டிப் போவதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை பாய் மாடி ஏறி வந்தார். அவர் அதுவரை மேலே வந்ததே இல்லை.

“ஓய், கடைசி அத்தியாயம். போகப் போக எழுத்து சிறுத்துக்கிட்டே போவுது. இப்ப ஒண்ணுமே தெரிய மாட்டேங்கு. கண்ணா, போனா?”

வாங்கிப் பார்த்தேன். கண் இல்லை, போனும் இல்லை. நான்தான்.

உள்தலைப்புகளைப் பார்த்ததில், கடைசி அத்தியாயத்தில் துப்பறிபவர் கதை சொல்கிறார். அதற்குள் கேப்டன் சொன்ன கதை. அதற்குள் செத்தவன் கேப்டனிடம் சொன்ன கதை. ஒவ்வொன்றையும் உள்ளே தள்ளி, பதினான்கு பிக்சலில் வைத்திருந்தார்கள். பிக்சலாக இருந்தவரை எத்தனை கதைக்குள் போனாலும் பதினான்கு பதினான்குதான். என் ஸ்கிரிப்ட் ஒவ்வொன்றையும் பதினாறால் வகுத்துவிட்டது. முதல் கதை கொஞ்சம் சிறுத்தது. இரண்டாவது, சிறுத்த அதைப் பார்த்து இன்னும் சிறுத்தது. மூன்றாவதற்கு வரும்போது மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. நல்ல கண் உள்ளவனுக்கு இது ஒன்றுமில்லை. பாயின் போனில் இதற்கு மேல் பெரிதாக்க இடமே இல்லை.

“கண்ணு நல்லாத்தான் இருக்கு பாய். என் கணக்கு தப்பு.”

“அப்ப சரி” என்று சொல்லிவிட்டு, கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு இறங்கினார். அவர் உண்மையில் பயந்திருந்தார் என்பது அந்த நடையில் தெரிந்தது.

அந்த ஓர் எண்ணைக் கையால் திருத்தலாம் என்று முதலில் பார்த்தேன். மூன்றாவது கதை சரியானது; நூலில் வேறு இடங்களில் எழுத்து வீங்கியது. அதே பெயருள்ள அளவைத் தனியாக நிற்கும் பத்திகளுக்கும் போட்டிருந்தார்கள். ஸ்டைல் ஷீட்டை மட்டும் பார்த்து வகுப்பதில் பயனில்லை, எது எதற்குள் நிற்கிறது என்று அத்தியாயத்தையே திறந்து பார்க்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. ஸ்கிரிப்டைப் புதிதாக எழுதினேன். ஒவ்வொரு பத்தியிலிருந்தும் மேலே ஏறி, அதைத் தாங்கி நிற்பதன் அளவு என்ன என்று பார்க்கும். பதினாறுக்குள் நின்றால் பதினாறால் வகுக்கும். பதினான்குக்குள் பதினான்கு நின்றால் ஒன்று என்று எழுதிவிட்டு நகரும். அது ஒழுங்காக ஓட வெள்ளிக்கிழமை மதியம் ஆகிவிட்டது. கம்பெனியிலிருந்து வந்த போன்களை எடுக்கவில்லை.

பாய் ஜும்ஆத் தொழுகைக்குத் தென்காசி போயிருந்தார். திரும்பி வந்ததும் போனை வாங்கி ஏற்றிக் கொடுத்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் நாற்காலியை வாசலுக்கு இழுத்தார். நான் படியில் உட்கார்ந்திருந்தேன். விரலால் பக்கம் தள்ளுவதும் நிற்பதுமாக வெயில் சாயும்வரை வாசித்தார். கடைசியில் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, “அட படுபாவி” என்றார்.

“யாரு பாய், கேப்டனா?”

“இம்புட்டு நாளும் அதுக்குள்ளயே கெடந்தீரே, தெரியாதா?”

“நான் அளவு மட்டும்தான் பார்த்தேன்.”

“அப்ப வாசியும். நான் ஏன் சொல்லுதேன்?”

மறுநாள் மகள் காரில் வந்தாள். “வாப்பா, பார்த்து” என்று அவரைப் பின்சீட்டில் உட்காரவைத்தாள். அவர் சாவிக் கொத்தை என்னிடம் கொடுத்தார். சில வாரம் அந்த லாட்ஜில் நான் மட்டும்தான் இருந்தேன். ஸ்டவ்வைப் பற்றவைத்து ஒரு டம்ளர் டீ போடுவேன். பிறகு காற்று திரும்பி, மலைமேல் மேகம் இறங்கி, சாரல் விழுந்தது. புது மேனேஜர் வந்தார். சாவியைக் கொடுத்துவிட்டுத் தென்காசியில் ஒரு கடைக்கு மேல் அறை பார்த்துக்கொண்டேன்.

பாய்க்குப் பார்வை நிற்கவில்லை. வெளிச்சம் தெரிகிறது, ஆள் வந்தால் நிழலாகத் தெரிகிறது, எழுத்து இல்லை. இதை மகள்தான் போனில் சொன்னாள். பிறகு போனை அவரிடம் கொடுத்தாள்.

“எங்கன வரைக்கும் வந்திருக்கீரு?” என்றார் எடுத்த எடுப்பில்.

நான் அப்போதுதான் தொடங்கியிருந்தேன். எனக்கு வாசிப்பு மெதுவாகத்தான் வரும். “கப்பல் இப்பதான் கெளம்பிருக்கு பாய்.”

“அங்கனயேவா நிக்கீரு. சரி, ஒரு பக்கம் வாசியும், கேப்போம்.”

“என் குரல் ஆவாதுன்னீரே.”

“பரவால்ல. யாரு எப்படிப் பேசுவான்னு எனக்குத்தான் தெரியும்லா.”

வாசித்தேன். சமையல்காரன் வரும் இடத்தில் தடுக்கி நின்றேன். அவர் காத்திருந்தார். கீழே கடையில் ஷட்டரை இறக்கும் சத்தம் கேட்டது.

“அவசரப்படாதேயும்” என்றார். “நாளைக்கும் போன் போடணும்லா.”