கோழிக்குப் போடுகிற பொடி

வழக்கமாக உங்களைச் சிரிக்க வைக்கப் பார்ப்பேன். இந்த வாரம் முடியவில்லை. மன்னித்துவிடுங்கள்.

என் அக்கா வீட்டுக்காரருக்கு நாமக்கல் பக்கத்தில் கோழிப்பண்ணை. போன மாதம் அங்கே போயிருந்தேன். மச்சானைப் பார்த்துத் திடுக்கிட்டேன். தலையில் பாதி முடி இல்லை. கட்டைவிரல் நகம் கழன்று விழுந்திருந்தது.

"வயசாவுதில்லீங்களா மாப்ளே, உதுருது" என்றார், சாதாரணமாக.

அக்கா என்னைத் தனியே கூப்பிட்டாள். "உங்க மச்சான் பூண்டையே தொடறதில்ல தம்பி. ஆனா பக்கத்துல போனா பூண்டு நாத்தம். என்னன்னு கேளு சாமி."

கேட்டேன். மழுப்பினார். விடாமல் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

சேலத்தில் ரத்தம் பரிசோதித்த டாக்டர், கொலஸ்ட்ரால் எக்கச்சக்கம் என்று சொல்லி, முட்டையை நிறுத்தச் சொன்னாராம். யாரிடம்? முட்டை விற்றுச் சாப்பிடுகிறவரிடம்! மச்சானுக்கு ரோஷம் வந்துவிட்டது. டாக்டர் பக்கமே போகவில்லை.

வேறு வைத்தியம் அவரே கண்டுபிடித்தார். கோழிகள் காலை இழுத்துக்கொண்டு படுத்தபோது, தீவனத்தில் செலினியம் என்கிற தாதுப்பொடி கலந்திருக்கிறார். எழுந்துவிட்டன. இதயத்துக்கும் நல்லது என்றாராம் மருந்து விற்க வந்தவர். அவர் சொன்னது கோழியின் இதயத்தை... மச்சானோ தினமும் மோரில் ஒரு ஸ்பூன் கலந்து குடிக்க ஆரம்பித்துவிட்டார். மூட்டை மூட்டையான தீவனத்தில் கொஞ்சமாய்த் தூவுகிற சமாச்சாரம் அது!

"கோளியே எந்திரிச்சுதுங்க. என்ற கொழுப்பு கரையாதுங்களா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பண்ணையில் ஒரு கோழி செத்தால் போதும், உடனே சாக்கில் போட்டுக் கால்நடை டாக்டரிடம் அனுப்புவார். அவர் அறுத்துப் பார்த்துக் காரணம் சொல்கிற வரை மச்சானுக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவர் தனக்குத் தானே டாக்டராகிவிட்டாரே!

சேலத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"செலினியம் உடம்புக்கு வேணும்தான், துளியூண்டு. கூடினா விஷம். முடி கொட்டறது, நகம் கழர்றது, பூண்டு நாத்தம், எல்லாம் அதாலதான். கொழுப்பும் முன்னைவிட ஏறியிருக்கு. பொடி ஏத்துச்சா, சாப்பாடு ஏத்துச்சா, தெரியலை. இறக்கலைங்கறது மட்டும் தெரியுது."

திரும்பும்போது பஸ்ஸில், ராசிபுரம் தாண்டியதும் மச்சான் மெல்லக் கேட்டார்: "பொடிய உட்டர்றனுங்க மாப்ளே. முட்டையையும் உடோணுங்களா?"

இரண்டையும் விட்டார். அக்கா நிம்மதியாகச் சமைத்தாள்.

போன வாரம், தீவனம் போடுகிற நேரத்தில், ஷெட்டுக்குள்ளேயே சரிந்துவிட்டார். கார் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மாரடைப்பு என்றார் ஒருவர். பொடி என்றார் இன்னொருவர். "எதுனால தம்பி, எதுனால?" என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பரிசோதித்துப் பார்க்கலாமா என்று வாயெடுத்தேன். "செத்தவியளப் போயி அறுக்கறதுங்களா?" என்று பெரியவர்கள் அடக்கிவிட்டார்கள். சாயங்காலமே எடுத்துவிட்டோம்.

மறுநாள் பண்ணையில் ஒரு கோழி செத்தது. பண்ணை ஆள் அதைச் சாக்கில் போட்டுக்கொண்டு சைக்கிளில் கிளம்பினார் — எதனால் செத்தது என்று தெரிய வேண்டுமாமே!