தங்கை வீட்டில் ஒரு நகல்

என் மகளும் அவள் தோழிகளும் எழுதி, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ள விட்டிருந்த தமிழ்த் தட்டச்சு மென்பொருள் ஒரு பெரிய இணையத்தளத்தில் இருந்தது. ஒரு நாள் அந்தத் தளம் காரணம் சொல்லாமல் அவர்கள் கணக்கைப் பூட்டியது. பத்து நாளில் திறந்துவிட்டார்கள். மறுபடி பூட்டினால் என்ன செய்வது என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். மகள் எல்லாவற்றையும் திருத்தங்கலில் எங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டருக்கு மாற்றினாள்.

"இது ரிப்பேரானா என்ன செய்வ?" என்றேன்.

"எதுக்கெடுத்தாலும் பயம்! பட்டாசுக் கம்பெனில எப்படிப்பா போர்மேனா இருக்கீக?"

"அங்கன வெடிமருந்த எல்லாம் ஒரே ரூம்ல வைக்க மாட்டோம்லா. நீ பெரிய ரூம்ல இருந்து சின்ன ரூமுக்கு மாத்திருக்க, அம்புட்டுதான்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே விருதுநகரில் என் தங்கை வீட்டிலும் ஒரு நகல் வைத்தோம். பெரிய தளத்திலும் ஒன்றை மறுபடி ஏற்றினோம். இப்போது இடி இடித்தால் நானே போய்க் கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறேன். அவள் டார்ச் பிடிக்கிறாள்.