எந்தக் கோப்பிலிருந்து வந்தது

அமெரிக்காவில் பிளெய்ன்ஸ்பரோவுக்கு வந்த முதல் வாரம் எனக்குச் சோறு போட்டவரைக் குறை சொல்லப் போகிறேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன், வேறு விதமாக.

அவர் என் டீம் லீட். கோயம்புத்தூர்க்காரர், அதே அபார்ட்மென்ட் வளாகத்தில் பக்கத்து பிளாக். அவரை அண்ணா என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிட்டேன். அக்கா தன் பெயர் பொறித்த எவர்சில்வர் டப்பாவில் சாம்பார் கொடுத்தனுப்புவார். நானும் அதை வெறுமனே திருப்பித் தந்ததில்லை. ஒன்றும் செய்யாத நாளில் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பேன்.

வேலை ஒரு மருந்துக் கம்பெனிக்கு, கான்ட்ராக்டில். புது மருந்தைச் சோதிக்கும் பத்து மருத்துவமனைகள் தினமும் நோயாளிகளின் விவரங்களை ஆளுக்கொரு எக்ஸ்எம்எல் கோப்பில் அனுப்பும். அத்தனையையும் சேர்த்து ஒரே கோப்பாக்குவது என் புரோகிராம். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஒவ்வொரு மருத்துவமனையும் தன் நோயாளிகளுக்கு ஒன்று, இரண்டு என்று தானே எண் போடும். சேர்த்தபின் ஏழாம் நோயாளி பத்துப் பேர் இருப்பார்கள். அதனால் ஒவ்வொரு பதிவோடும் அது வந்த கோப்பின் பெயரையும் எழுதிவைத்தேன். இதற்குப் பெரிய மூளை வேண்டாம். பத்து வீட்டுப் பாத்திரம் ஒரு விருந்துக்கு வந்தாலும், பெயர் பொறித்திருந்தால் அதது அதன் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

அண்ணா என்னைக் காபி மெஷின் பக்கத்தில் பிடித்தார்.

"எதுக்கு அம்மிணி அந்த ஃபைல் நேம்? கிளையன்ட் சிஸ்டம் அதை ரிஜெக்ட் பண்ணுது. வெள்ளிக்கிழமை டெலிவரி. எடுத்துடு."

"எடுத்தா யாரு எந்த ஹாஸ்பிடல்னே தெரியாதுண்ணா. தனியா ஒரு லிஸ்ட்டாவது வெச்சுக்கலாம்."

"அதெல்லாம் அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம். ஏதாவதுன்னா நான் இருக்கேன்ல?"

எடுத்துவிட்டேன். என் மறுப்பை ஒரு மெயிலில் எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. நம் ஆட்களுக்குள் அது வழக்கமில்லை. அண்ணா சொன்னதை மெயிலில் போட்டால் காட்டிக்கொடுத்த மாதிரி. மீட்டிங்கில் ஆங்கிலம், காபி மெஷினருகே தமிழ். முக்கியமான முடிவெல்லாம் தமிழில்தான் எடுப்போம், ஒரு சாட்சியும் இல்லாமல்.

மூன்று வாரம் கழித்து, ஏழாம் நோயாளி ஒருவருக்கு மூச்சுத்திணறல் என்று பதிவு வந்தது. எந்த மருத்துவமனை என்று எங்களில் யாராலும் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு இடமாகப் போன் போட்டுக் கண்டுபிடிக்க ஒன்றரை நாள் ஆனது. நல்லவேளை, அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார்.

கோப்பின் பெயரை ஏன் எடுத்தீர்கள் என்று மருந்துக் கம்பெனியின் மேலாளர் அம்மாள் வீடியோ மீட்டிங்கில் கேட்டார். அண்ணா என் பெயரைச் சொல்லி, அந்த மாற்றத்தைச் செய்தது இவள்தான் என்று அழகான ஆங்கிலத்தில் சொன்னார். பொய்யில்லை. புரோகிராமைத் திருத்தியவர் பெயர் தானாகவே பதிவாகும். திருத்தச் சொன்னவர் பெயர் பதிவாகாது. அவர் சொல்லித்தான் செய்தேன் என்றேன். எழுத்தில் இருக்கிறதா என்றார் அந்த அம்மாள். இல்லை.

என் கான்ட்ராக்ட் போயிற்று. விசா விதிப்படி அறுபது நாளில் வேறு வேலை கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். பார்க்கிங்கில் அண்ணா பின்னாலேயே வந்தார்.

"தப்பா எடுத்துக்காத அம்மிணி. எனக்கு கிரீன் கார்டு ப்ராசஸ் ஓடிட்டிருக்கு. ரெஸ்யூம் அனுப்பு, நாலு பேருக்கு ஃபார்வர்ட் பண்றேன்."

கோபம்தான். அவர்மேல் கொஞ்சம், சாம்பாருக்கு வாயை மூடிக்கொண்ட என்மேல் நிறைய.

சனிக்கிழமை டப்பாவைக் கழுவித் துடைத்து எடுத்துப் போனேன். அக்கா வழக்கம்போல் மூடியைத் திறந்து பார்த்தார். முதல் முறையாகக் காலி.

"என்ன அம்மிணி, ஏதாவது கோவமா? அவரு ஒண்ணும் சொல்லலியே."

"அவர்கிட்டயே கேளுங்கக்கா," என்றேன். "ஆனா மெயில்ல கேளுங்க."